கவிதையை மொழிபெயர்க்க வருகிறவர்களுக்கு

தம்பி, தங்கைகளே, இந்த வேலைக்கு வரும் இளையவர்களிடம் நான் முதலில் சொல்லும் பெயர் ஃபிரை லூயிஸ் தெ லெயோன். பதினாறாம் நூற்றாண்டு ஸ்பானியக் கவிஞர். சலமான்கா பல்கலைக்கழகத்தில் இறையியல் போதித்த அகுஸ்தீன் சபைத் துறவி. நான் சொல்வதெல்லாம் அவர் வாழ்ந்து காட்டியதுதான்.

1. யாருக்காக மொழிபெயர்க்கிறோம் என்பது தெரிந்திருக்கட்டும். லத்தீன் அறியாத ஒரு கன்னியாஸ்திரீக்காகத்தான் அவர் விவிலியத்தின் உன்னதப்பாட்டைக் காஸ்தீலிய மொழியில், அதாவது ஸ்பானியத்தில், தந்தார். அச்சுக்கு என்று எழுதியதல்ல. ஆனாலும் அது கைப்பிரதிகளாகப் பரவிவிட்டது.

2. மூலத்தைக் கைவிடாதீர்கள். வல்காத்தா என்ற லத்தீன் விவிலியமே அதிகாரபூர்வமானது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்துப் பொதுச்சங்கம் 1546இல் அறிவித்திருந்தது. லூயிஸோ எபிரேயத்தைப் பார்த்தே மொழிபெயர்த்தார். லத்தீனில் குறைகள் உண்டென்றும் சொன்னார். மக்கள் மொழியில் விவிலியம் தருவதும் அன்று குற்றம். இவற்றுக்காக 1572 மார்ச்சில் இன்குவிசிஷன் என்ற திருச்சபை விசாரணை மன்றம் அவரைப் பிடித்து வல்லாடோலிட்டில் சிறைவைத்தது. அதே காலத்தில் கைதான சக பேராசிரியர் கிராஹால் சிறையிலேயே இறந்தார். லூயிஸ் அங்கே புத்தகங்கள் கேட்டு வாங்கி, தன் தரப்பு வாதத்தைத் தானே எழுதினார். 1576 டிசம்பரில்தான் வெளியே வந்தார். ஒரு மொழிபெயர்ப்பாளரின் நேர்மைக்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

3. ஒரே நூலை இரண்டு விதமாகச் செய்து பழகுங்கள். விவிலியத்தின் யோபு நூலை அவர் தந்த விதத்தைப் பாருங்கள்: முதலில் சொல்லுக்குச் சொல் உரைநடை, கரடுமுரடு இருந்தாலும் அப்படியே; அடுத்து விளக்கவுரை; அதன்பின் அதே பகுதி மூவடிச் செய்யுளில். பொருள் பிடிபட்ட பிறகே ஓசையைத் தேடினார். லத்தீன் கவிஞர்கள் ஹொரேஸையும் வர்ஜிலையும் காஸ்தீலியச் செய்யுளுக்குக் கொண்டுவந்ததும் இதே கைதான். அவருடைய சொந்தக் கவிதைகளில் ஹொரேஸின் நிதானம் குடியேறியது அப்படித்தான்.

4. குறை சொல்கிறவர்களிடம் சண்டை வேண்டாம். குறை காண்பவர் முதலில் ஒரு கவிதையைத் தாமே மொழிபெயர்த்துப் பார்க்கட்டும் என்றார் அவர். அது போதும்.

5. அச்சில் பெயர் பார்க்க அவசரப்படாதீர்கள். அவர் கவிதைகளை ஸ்பானியக் கவிஞர் கேவெதோ பதிப்பித்தது 1631இல், அவர் மறைந்து நாற்பது ஆண்டு கழித்து. உன்னதப்பாட்டு அச்சேறியது 1798இல்.

6. அடி விழுந்தாலும் வேலையை நிறுத்தாதீர்கள். சிறைக்கு அனுப்பிய அதே எபிரேயத்தை லூயிஸ் விடவேயில்லை. யோபு நூலை அவர் முடித்தது 1591இல். அந்த ஆண்டிலேயே இறந்தார்.