டிக்கெட் விலையும் காலி இருக்கையும்: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் சொல்லித்தரும் கணக்கு

இன்ஜினியரிங் எகனாமிக்ஸ் பேப்பரில் 'தேவை நெகிழ்ச்சி' என்று ஒரு தலைப்பு வரும். விலை ஏறினால் வாங்குபவர்கள் எவ்வளவு குறைவார்கள் என்பதற்கான அளவு அது. ரெண்டு மார்க்குக்கு டெஃபனிஷன் எழுதிட்டு மறந்துடுவோம். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் அதே பாடத்தைத் தன் சொந்த மாணவர்களிடமே படித்துக்கொண்டது. வாங்க, அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

முதலில் களம்

அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் நம்ம கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுற ஆட்டம். ஆடுறது கல்லூரி அணிதான், ஆனா கூட்டம் பெருசு. ஆன் ஆர்பர் நகரில் உள்ள மிச்சிகன் ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். 1975 நவம்பரில் தொடங்கி, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள் என்பது அவர்களுடைய பெருமை.

அங்கே மாணவர்களுக்குத் தனிப் பகுதி, தனி விலை. பெரும்பாலும் 'சீசன் டிக்கெட்' வாங்குவார்கள், அதாவது அந்த வருடம் சொந்த மைதானத்தில் நடக்கும் எல்லா ஆட்டத்துக்கும் சேர்த்து ஒரே விலை. 2014-ல் மிச்சிகனில் 7 ஆட்டங்களுக்கு அது 300 டாலருக்குச் சற்றுத்தான் குறைவு. மாணவர்கள் வாங்கிய டிக்கெட் முந்தைய வருடத்தைவிட ஆயிரக்கணக்கில் குறைந்தது.

நம்ம கணக்கு

கணக்குக்காக மட்டும் சில எண்களை எடுத்துக்கொள்வோம். இவை நான் வைத்துக்கொண்ட எண்கள், மிச்சிகனுடையவை அல்ல.

பழைய விலை 200 டாலர், வாங்கியவர்கள் 20,000 பேர். வருமானம் 40 லட்சம் டாலர்.
புதிய விலை 280 டாலர், வாங்கியவர்கள் 14,000 பேர். வருமானம் 39.2 லட்சம் டாலர்.

நெகிழ்ச்சியை நடுப்புள்ளி முறையில் போடுவோம். எண்ணிக்கை மாற்றம் 6,000 ÷ 17,000 = 35.3%. விலை மாற்றம் 80 ÷ 240 = 33.3%. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் சுமார் 1.06.

ஒன்றை ஒட்டி இருக்கு, அதனால வருமானம் பெருசா மாறல. கணக்குப் புத்தகத்தில் நஷ்டம் 2% தான். ஆனா மைதானத்தில் 30% மாணவர்கள் காணோம்! அந்த இருக்கைகளில் கொஞ்சத்தை வெளியாருக்கு விற்றுவிட்டால் நஷ்டம் லாபமாகவே மாறிவிடும். விலை ஏற்றியவரைக் கேட்டால், "எல்லாம் சரியாத்தானே போகுது" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய கணக்கு ஒரு வருடத்தோடு முடிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

கணக்கில் வராத வரி

இன்றைய மாணவர்தான் நாளைய முழு விலை ரசிகர். நாலு வருஷம் மைதானத்துக்குப் போய்ப் பழகினவர் வேலைக்குப் போன பிறகும் குடும்பத்தோடு வருவார். பழகாதவர் டிவியில் பார்த்துக்கொள்வார்.

விட்டுப்போன 6,000 பேரில் பத்தில் ஒருவர், படிப்பு முடிந்தபின் 20 வருடம் வருடத்துக்கு 500 டாலர் செலவழிப்பவர் என்று வைப்போம். 600 × 500 × 20 = 60 லட்சம் டாலர். நிகழ்கால மதிப்புக்குக் கழித்தால் கணிசமாகவே குறையும்தான். ஆனாலும் 80,000 டாலர் நஷ்டம் என்று எழுதிய வரிக்குப் பின்னால் இவ்வளவு பெரிய தொகை ஒளிந்திருக்கிறது.

இன்னொன்று. மாணவர் பகுதியின் சத்தமும் பாட்டும்தான் மற்ற டிக்கெட்டுகளை விற்றுத் தருகின்றன. சினிமா தியேட்டரில் பக்கத்து சீட் காலியா இருந்தா நமக்கு வசதி. மைதானத்தில் பக்கத்து சீட் காலியா இருந்தா, நாம வாங்கின டிக்கெட்டோட மதிப்பே குறையுது.

விலை மட்டுமா காரணம்?

இங்கே கவனமா இருக்கணும். மிச்சிகனில் 2013-ல் மாணவர் பகுதியில் 'முதலில் வந்தவருக்கு முதல் இடம்' என்று முறையை மாற்றினார்கள். அதுவரை சீனியர்களுக்கு முன்னுரிமை. கோபம் அங்கேயே தொடங்கியது. 2014-ல் பெரிய போட்டி அணிகளான நோட்ர டேம், மிச்சிகன் ஸ்டேட், ஓஹையோ ஸ்டேட் மூன்றோடும் ஆட்டம் வெளியூரில். அணியும் 5 வெற்றி, 7 தோல்வி. அக்டோபர் 31 அன்று விளையாட்டுத் துறை இயக்குநர் டேவ் பிராண்டன் பதவி விலகினார்.

2015-க்கு மாணவர் விலை 175 டாலர் ஆனது, அதாவது ஒரு ஆட்டத்துக்கு 25. அதே நேரத்தில் ஜிம் ஹார்பா புதிய பயிற்சியாளராக வந்தார். அணி 10 வெற்றி பெற்றது. இப்போ கூட்டம் கூடினால் அது விலையாலா, வெற்றியாலா? லேப்ல ரெண்டு வேரியபிளை ஒரே நேரத்தில் மாற்றிட்டு ரீடிங் எடுத்த மாதிரிதான். இரண்டில் ஒன்றுக்கு மட்டும் பெயர் கொடுக்க முடியாது.

அப்போ இலவசமா கொடுத்துடலாமா?

அதுவும் தீர்வு இல்லை. அமெரிக்காவில் சில கல்லூரிகள் விளையாட்டுக் கட்டணத்தை ஃபீஸோடு சேர்த்து வாங்கிவிட்டு, வாசலில் மாணவர்களை இலவசமாக விடுகின்றன. காசு ஏற்கெனவே போயாச்சு, வரலைன்னாலும் புதுசா எதுவும் இழக்கப் போறதில்லை. மழை தூறினாலே அறையில் இருந்துவிடலாம்.

டிக்கெட்டின் முழு விலையில் நேரமும் உண்டு. அலபாமா பல்கலைக்கழகத்தில் அணி எளிதாக ஜெயிக்கும் நாள்களில் மாணவர்கள் பாதியிலேயே கிளம்பினார்கள். பயிற்சியாளர் நிக் சேபன் வெளிப்படையாகவே குறைபட்டார். 2019-ல் ஒரு செயலி கொண்டுவந்தார்கள். வந்தால் 100 புள்ளி, நான்காம் கால் பகுதி வரை இருந்தால் மேலும் 250. அந்தப் புள்ளிகள் பெரிய ஆட்டங்களின் டிக்கெட்டுக்கு முன்னுரிமை தரும். மைதானத்தில் இருக்கிறார்களா என்று போன் இருக்கும் இடத்தை வைத்துப் பார்ப்பதால், தனியுரிமை பற்றிய கேள்வியும் எழுந்தது. அணி ஜெயித்துக்கொண்டே இருந்தும் இந்தப் பிரச்சினை வந்தது என்பதைக் கவனியுங்கள்.

எதை எண்ணுகிறோம்?

அறிவிக்கப்படும் 'வருகை' பெரும்பாலும் விற்ற அல்லது வழங்கிய டிக்கெட்டின் எண்ணிக்கை. வாசலில் ஸ்கேன் ஆனது வேறு. வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 2017 சீசனுக்குத் திரட்டிய தகவலின்படி, ஸ்கேன் ஆனது அறிவித்ததில் சுமார் 71% தான். மேல்மட்ட அணிகள் சராசரியாக 15,000 வருகை காட்ட வேண்டும் என்ற விதி பல வருடம் இருந்தது. அதிலும் விற்ற டிக்கெட்டை எண்ணிக் காட்டலாம். அளவுகோலே இப்படி இருந்தால், காலி இருக்கை ரிப்போர்ட்டில் எப்படித் தெரியும்?

நினைவில் வைக்க

1. வருமானம் மாறவில்லை என்பதற்காக எதுவும் மாறவில்லை என்று நினைக்காதீர்கள்.
2. மாணவர் டிக்கெட்டை விற்பனையாகப் பார்க்காமல் முதலீடாகப் பாருங்கள். அதன் பலன் வர வருடங்கள் ஆகும்.
3. விலை என்பது பணம் மட்டும் அல்ல. நேரமும் அலைச்சலும் அதில் சேரும்.
4. விற்றதை எண்ணாதீர்கள், வந்தவர்களை எண்ணுங்கள்.

நீங்களே போட்டுப் பாருங்கள்: மேலே உள்ள கணக்கில் வட்டி 8% என்று வைத்து, 600 பேரின் 20 வருடச் செலவுக்கு நிகழ்கால மதிப்பு காணுங்கள். 80,000 டாலரோடு ஒப்பிட்டு, விலையை ஏற்றியிருக்கலாமா என்று ஒரே வரியில் சொல்லுங்க பார்ப்போம்!