உலகைக் காட்டிய சிற்றரங்கு

நுழையும்முன்

ஒரு நாட்டின் கலை, பிற நாட்டாரின் உள்ளத்தைத் தொடும்போது உலகின் உடைமையாகிறது. அத்தகைய கலைகளைத் தேடிச் சேர்த்து மக்கள்முன் வைக்கும் பண்பாட்டு நிறுவனங்களுக்குப் பார்வையாளர்களின் வரவேற்பும் இதழ்களின் பாராட்டும் ஊக்கம் தருகின்றன. பாராட்டின் பணி அவ்வளவுதானா? அது புதிய கலையைப் பிறப்பிக்குமா? இடர் வரும்போது காக்குமா? பாரிசு நகரின் திரைப்பட நிறுவனம் ஒன்றின் வரலாறு இவ்வினாக்களுக்கு விடை தருகிறது.

அழிவிலிருந்து தொடங்கிய பணி

1895ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள், பாரிசின் கிராண்ட் கஃபே என்னும் உணவகத்தில் லூமியர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுப் படங்களைத் திரையிட்டனர். அடுத்த முப்பது ஆண்டுகளில் திரைப்படம் உலகெங்கும் பரவியது. ஆயினும் அதனைப் பாதுகாக்க வேண்டும் என்ற எண்ணம் பரவவில்லை. 1920களின் இறுதியில் பேசும்படம் வந்ததும் மௌனப்படங்கள் விலைபோகாச் சரக்குகளாயின. படச்சுருளில் கலந்திருந்த வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகப் பல படங்கள் அழிக்கப்பட்டன. அக்காலப் படச்சுருள்கள் நைட்ரேட் என்னும் எளிதில் தீப்பற்றும் பொருளால் ஆனவை. ஆகவே தீயும் பல படங்களைத் தின்றது.

இவ்வழிவைக் கண்டு வருந்தியவர்களுள் ஒருவர் ஆன்றி லாங்லுவா. இவர் 1914இல் துருக்கியின் ஸ்மர்னா நகரில் பிறந்து பிரான்சில் வளர்ந்தவர். 1936இல், தமது 21ஆம் வயதில், ஜார்ஜ் பிரான்ஜு, ழான் மித்ரி ஆகியோருடன் இணைந்து 'சினிமாத்தெக் பிரான்செஸ்' என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். பழைய படங்களைத் தேடிச் சேர்ப்பதும் அவற்றைத் திரையிடுவதும் அதன் இரு நோக்கங்கள். திரையில் ஒளிராத படம் உயிரற்றது என்பது லாங்லுவாவின் உறுதியான கொள்கை.

இரண்டாம் உலகப்போரில் செர்மானியப் படை பாரிசைக் கைப்பற்றியபோது பல படச்சுருள்கள் மறைவிடங்களில் பாதுகாக்கப்பட்டன. தடை செய்யப்பட்ட படங்கள் மறைவாகத் திரையிடப்பட்டன. நாசி ஆட்சிக்கு அஞ்சிச் செர்மனியை விட்டு வெளியேறிய யூதப் பெண்மணியும் திரைப்பட ஆய்வாளருமான லோத்தே ஐஸ்னர், தாமே தலைமறைவாக வாழ்ந்த அந்நாளிலும் இப்பணியில் தோள்கொடுத்தார். போருக்குப் பின் அவர் இந்நிறுவனத்தின் முதன்மைக் காப்பாளராக நெடுங்காலம் பணியாற்றினார்.

தெரியுமா?
உலகத் திரைப்பட ஆவணக்காப்பகங்களின் கூட்டமைப்பு 1938இல் பாரிசில் உருவானது. பாரிசு, இலண்டன், நியூயார்க், பெர்லின் நகரங்களின் நிறுவனங்கள் அதன் தொடக்க உறுப்பினர்கள். 1964இல் புனேவில் நிறுவப்பட்ட இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகமும் பின்னர் இக்கூட்டமைப்பில் இணைந்தது.

முன்வரிசைப் பார்வையாளர்கள்

1948இல் மெசின் நிழற்சாலையில் நிறுவனத்தின் சிற்றரங்கு திறக்கப்பட்டது. அதில் ஏறத்தாழ 60 பேர் மட்டுமே அமர இயலும். ஆயினும் அச்சிறு திரையில் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், செர்மனி, சுவீடன், இத்தாலி, ஜப்பான் எனப் பல நாடுகளின் படங்கள் ஒளிர்ந்தன. 1955இல் உல்ம் தெருவுக்கும், 1963இல் ஷாயோ அரண்மனைக்கும் திரையிடல்கள் விரிந்தன.

லாங்லுவாவின் திரையிடல் முறை தனித்தன்மை வாய்ந்தது. ஒரே மாலையில் வெவ்வேறு நாடுகளையும் வெவ்வேறு காலங்களையும் சேர்ந்த படங்களை அவர் அடுத்தடுத்துக் காட்டுவார். நகைச்சுவைப் படத்தை அடுத்துத் துன்பியல் படம் வரும். புகழ்பெற்ற படத்தின் அருகே எவரும் அறியாத படம் இடம்பெறும். இன்ன படம் உயர்ந்தது, இன்னது தாழ்ந்தது என்று அவர் விளக்கவுரை ஆற்றவில்லை. ஒப்பிட்டு உணரும் பொறுப்பைப் பார்வையாளரிடமே விட்டார். மௌனப்படங்கள் இசையின்றியே காட்டப்பட்டன. அயல்மொழிப் படங்கள் பலவேளைகளில் துணைத்தலைப்பின்றியே திரையிடப்பட்டன. சொல் விளங்காத நிலையில் கண்கள் கூர்மை பெற்றன. முகபாவம், ஒளி, நிழல், காட்சிகளின் அடுக்குமுறை ஆகியவற்றைக் கொண்டே கதையை உணரப் பார்வையாளர்கள் பழகினர்.

அரங்கின் முன்வரிசைகளில் நாள்தோறும் சில இளைஞர்கள் அமர்ந்திருந்தனர். பிரான்சுவா த்ரூபோ, ழான் லுக் கொதார், ழாக் ரிவெத், எரிக் ரோமர், குளோத் ஷப்ரோல் என்போர் அவர்கள். அவர்களுக்கு அவ்வரங்கே கல்லூரி, திரையே கரும்பலகை.

பாராட்டு திறனாய்வாக மலர்தல்

1951இல் ஆந்திரே பசான் முதலியோர் 'கையே து சினிமா' என்னும் இதழைத் தொடங்கினர். முன்வரிசை இளைஞர்கள் அவ்விதழில் எழுதலாயினர். அவர்களது பாராட்டு, 'படம் நன்று' என்னும் சொல்லோடு நின்றுவிடவில்லை. ஏன் நன்று, எவ்வாறு நன்று என்று ஆராய்ந்தது. வெறும் பொழுதுபோக்குப் பட இயக்குநர் என்று பலரால் கருதப்பட்ட ஆல்பிரட் ஹிட்ச்காக்கின் கலைத்திறனை அவர்கள் எடுத்துக்காட்டினர். ரோமரும் ஷப்ரோலும் அவரைப் பற்றி 1957இல் ஒரு நூலே எழுதினர். ஜப்பானிய இயக்குநர் கெஞ்சி மிசோகுச்சியைப் பற்றி 1958இல் எழுதிய ரிவெத், ஜப்பானிய மொழி அறியாதவருக்கும் காட்சியமைப்பு என்னும் பொதுமொழி விளங்கும் என்ற கருத்தை முன்வைத்தார்.

எழுதியவர்கள் படைக்கவும் தலைப்பட்டனர். த்ரூபோவின் 'நானூறு அடிகள்' 1959ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநருக்கான விருதைப் பெற்றுத் தந்தது. கொதாரின் 'பிரெத்லெஸ்' 1960இல் வெளிவந்தது. 'புதிய அலை' என்று அழைக்கப்பட்ட இவ்வியக்கம் உலகத் திரைப்படப் போக்கையே மாற்றியது. அரங்கில் பார்த்தவை எழுத்தாகி, எழுத்து மீண்டும் திரைக்குச் சென்றது.

மறக்கப்பட்டவரை மீட்ட கைத்தட்டல்

பாராட்டு, பழைய கலைஞருக்கு மறுவாழ்வும் அளித்தது. அமெரிக்க நடிகை லூயிசு புரூக்சு, 1929இல் செர்மானிய இயக்குநர் பாப்ஸ்ட் இயக்கிய 'பண்டோராவின் பெட்டி' என்னும் மௌனப்படத்தில் நடித்தவர். 1938க்குப் பின் அவர் திரையுலகை விட்டு விலகினார். உலகமும் அவரை மறந்தது. 1955இல் பாரிசில் நடந்த திரைப்படக் கண்காட்சியின் வாயிலில் லாங்லுவா அவருடைய பேருருவப் படத்தை வைத்தார். 1958இல் அவரைப் பாரிசுக்கே வரவழைத்து, அவர் நடித்த படங்களைத் திரையிட்டுச் சிறப்பித்தார். பின்னாளில் புரூக்சு திரைப்படக் கட்டுரையாளராகவும் புகழ்பெற்றார்.

சோதனைக் காலம்

1968ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் லாங்லுவா பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். நிறுவனத்திற்கு மானியம் அளித்த பிரெஞ்சு அரசு, படங்களுக்கு முறையான பட்டியல் இல்லை, பாதுகாப்பு போதாது, நிருவாகம் சீராக இல்லை எனக் குறை கூறியது. இக்குறைகள் முற்றிலும் பொய்யல்ல. 1959இலேயே நிறுவனத்தின் படச்சுருள்கள் சில தீக்கு இரையாகியிருந்தன. ஆனால் சீர்திருத்தம் வேறு. நிறுவனத்தின் உயிராக விளங்கியவரை அகற்றுதல் வேறு என்று பார்வையாளர்கள் கருதினர்.

நாளிதழ்களில் எதிர்ப்புக் கட்டுரைகள் வெளிவந்தன. சார்லி சாப்ளின், ஆர்சன் வெல்ஸ், பிரிட்சு லாங், ரொபர்தோ ரொசெல்லினி முதலிய உலக இயக்குநர்கள், லாங்லுவா இல்லாத அரங்கில் தம் படங்களைத் திரையிடக்கூடாது என அறிவித்தனர். பிப்ரவரி 14ஆம் நாள் ஷாயோ அரண்மனைப் பகுதியில் பெருந்திரளானோர் கூடினர். காவலர்கள் தடியடி நடத்தினர்; கொதாரும் த்ரூபோவும் அதில் அடிபட்டனர். ஏப்ரல் 22ஆம் நாள் லாங்லுவா மீண்டும் பொறுப்பேற்றார். அவ்வாண்டு வெளியான தமது 'திருட்டு முத்தங்கள்' படத்தை த்ரூபோ அவரது சினிமாத்தெக்குக்கே காணிக்கையாக்கினார்.

வெற்றிக்கும் ஒரு விலை இருந்தது. அரசின் நிதியுதவி குறைந்தது. அரசு தனக்கென ஓர் ஆவணக்காப்பகத்தை 1969இல் அமைத்துக்கொண்டது. லாங்லுவாவின் பணிக்காக 1974இல் சிறப்பு ஆஸ்கர் விருது வழங்கப்பட்டது. 1977இல் அவர் மறைந்தார். 1980இல் நிறுவனத்தின் கிடங்கு ஒன்றில் மூண்ட தீயில் ஏராளமான படச்சுருள்கள் அழிந்தன. திரையிடும் ஆர்வத்திற்கு இணையாகப் பாதுகாக்கும் ஒழுங்கும் வேண்டும் என்பதை அவ்விழப்பு உணர்த்தியது. 2005 முதல் பாரிசின் பெர்சி பகுதியில் புதிய கட்டடத்தில் இந்நிறுவனம் இயங்கிவருகிறது.

நிறைவாக

பாராட்டு மூன்று நிலைகளை உடையது. கண்டு மகிழ்ந்து கைதட்டுவது முதல் நிலை. காரணம் ஆராய்ந்து எழுதுவது இரண்டாம் நிலை. இடர் வந்தபோது தோள்கொடுப்பது மூன்றாம் நிலை. பாரிசின் சிற்றரங்கு இம்மூன்றையும் பெற்றது. அதேவேளையில், அன்பு மிகுந்த பாராட்டும் குறைகளைக் காணாதிருத்தல் ஆகாது என்பதையும் அதன் வரலாறு கூறுகிறது. நல்ல பார்வையாளர் கலையைத் துய்ப்பவர் மட்டும் அல்லர். அதன் காவலரும் ஆவார்.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் பார்த்த பிறமொழிப் படம் ஒன்றின் ஒரு காட்சியை ஒலியின்றிப் பார்த்து, அது உணர்த்தும் செய்திகளைத் தொகுத்து எழுதுக.
2. 'நிறுவனத்தைக் காப்பது தனிமனிதரின் ஆர்வமா, ஒழுங்கான நிருவாகமா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

குறுவினா: மௌனப்படங்கள் அழிந்தமைக்கான காரணங்கள் யாவை?
சிறுவினா: லாங்லுவாவின் திரையிடல் முறை பார்வையாளர்களை எவ்வாறு பழக்கியது?
நெடுவினா: பாராட்டின் மூன்று நிலைகளைச் சினிமாத்தெக் வரலாற்றின்வழி நிறுவுக.