தொலைவும் வேகமும்: எக்ஸ்சேஞ்சுக்கு எட்டாத வீடுகளில் இணைய இணைப்பு

டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் மதிலை ஒட்டிய ஒரு வீட்டிற்கும், அங்கிருந்து 5 கிலோமீட்டர் தள்ளித் தோப்பினுள் அமைந்த மற்றொரு வீட்டிற்கும் ஒரே வகைச் செம்புக் கம்பியே வந்து சேர்கிறது. இரு வீட்டாரும் மாதந்தோறும் செலுத்தும் கட்டணமும் ஒன்றாக இருக்கலாம். ஆயினும் முதல் வீட்டில் விநாடிக்கு 20 மெகாபிட் அளவில் தகவல் பாயும் நிலையிலும், இரண்டாம் வீட்டில் ஒன்று அல்லது இரண்டு மெகாபிட்டே கிட்டுகிறது. 2020-ஆம் ஆண்டில் பள்ளிகள் மூடப்பட்டுப் பாடங்கள் இணையத்தின் வழியே நடைபெற்றபொழுது, இவ்வேற்றுமை வெறும் வசதிக் குறைவாக நிற்கவில்லை. ஆசிரியரின் உருவம் அசைவற்று நின்றுவிட, குரலும் துண்டு துண்டாக வந்த வீட்டில் மாணவன் அன்றைய பாடத்தையே இழந்தான்.

இந்திய அரசின் 2004-ஆம் ஆண்டுக் கொள்கை விநாடிக்கு 256 கிலோபிட் வேகம் உடைய இணைப்பையே ‘பிராட்பேண்டு’ என ஏற்றுக்கொண்டது. 2023-இல் இவ்வரம்பு 2 மெகாபிட்டாக உயர்த்தப்பட்டது. எனவே, தோப்பு வீட்டார் பெறும் ஒன்றரை மெகாபிட் இணைப்பு இன்றைய இலக்கணப்படி பிராட்பேண்டே அன்று.

இத்தகைய வீட்டார் பலர் முதலில் நாடும் பரிகாரம், இன்னும் உயர்ந்த வேகத் திட்டத்துக்கு மாறுவதாகும். கம்பியால் சுமக்க இயலாத வேகத்துக்குக் கட்டணம் செலுத்துவதால் பயன் ஏதும் விளையாது. இதன் காரணத்தை உணரக் கம்பியின் இயல்பை அறிதல் வேண்டும்.

கம்பியில் நிகழும் இழப்பு

செம்பு சிறந்த மின்கடத்தி என்பது உண்மையே. மனிதக் குரலை அனுப்ப 4 கிலோஹெர்ட்ஸுக்கு உட்பட்ட அதிர்வெண்கள் போதுமாகையால், அப்பணியைச் செம்புக் கம்பி பல கிலோமீட்டர் தொலைவுக்கும் செம்மையாகச் செய்து வந்தது. ஏ.டி.எஸ்.எல். எனப்படும் முறையோ அதே கம்பியில் சுமார் 25 கிலோஹெர்ட்ஸ் தொடங்கி 1,104 கிலோஹெர்ட்ஸ் வரையிலும், அதன் பின் தோன்றிய ஏ.டி.எஸ்.எல். 2 பிளஸ் முறை 2,208 கிலோஹெர்ட்ஸ் வரையிலும் உள்ள அதிர்வெண்களைக் கையாள்கிறது. அதிர்வெண் உயர உயர மின்னோட்டம் கம்பியின் உட்பகுதியை விட்டு மேற்பரப்புக்கு ஒதுங்குகிறது. 1 மெகாஹெர்ட்ஸில் அது பெரும்பாலும் 0.066 மில்லிமீட்டர் ஆழமே உள்ள மேற்பரப்பில் ஓடும். அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள கம்பியின் நடுப்பகுதி பயனின்றிக் கிடக்கத் தடை பெருகுகிறது.

இவ்வதிர்வெண்ணில் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 20 டெசிபல் இழப்பு நேர்கிறது. அதாவது, புறப்பட்ட சைகையின் வலிமையில் நூறில் ஒரு பங்கே ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் எஞ்சும். இரண்டாம் கிலோமீட்டரின் முடிவில் பதினாயிரத்தில் ஒரு பங்கும், ஐந்தாவதன் முடிவில் ஆயிரங்கோடியில் ஒரு பங்கும் மிஞ்சும். கம்பி பறவை பறக்கும் நேர்வழியில் செல்வதும் இல்லை. எக்ஸ்சேஞ்சிலிருந்து தெருமுனைப் பில்லருக்கும், அங்கிருந்து கம்பத்தின் மேலுள்ள டி.பி. பெட்டிக்கும், பின்னர் வீட்டிற்கும் அது வளைந்து வளைந்தே வருகிறது. பார்வைக்கு ஒன்றரைக் கிலோமீட்டராகத் தோன்றும் தொலைவு கம்பியின் கணக்கில் மூன்றாகவும் இருக்கக்கூடும்.

ஏ.டி.எஸ்.எல். முறை, தனக்குரிய அதிர்வெண் பரப்பை 4.3125 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள பல வாய்க்கால்களாகப் பிரித்துக்கொள்கிறது. ஒவ்வொரு வாய்க்காலும் விநாடிக்கு 4,000 முறை தகவலை ஏந்திச் செல்லும். ஒரு முறைக்கு மிகுதியாக 15 பிட் வரை ஏற்றலாம். எக்ஸ்சேஞ்சுக்கு அருகிலுள்ள வீட்டில் பெரும்பாலான வாய்க்கால்கள் நிறைந்து ஓடுகின்றன. கடைமடை வீட்டிலோ உயர் அதிர்வெண் வாய்க்கால்கள் வறண்டுவிட, எஞ்சியவை இரண்டு மூன்று பிட்டுகளையே சுமக்கின்றன.

ஒரு வாய்க்காலில் எத்தனை பிட் ஏற்றலாம் என்பதைச் சைகைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் தீர்மானிக்கிறது. இவ்வுண்மையை 1948-இல் அமெரிக்க அறிஞர் கிளாடு ஷானன் கணித வடிவில் நிறுவினார். அவ்விகிதம் இரு மடங்கானால் ஏறத்தாழ ஒரு பிட் கூடும். சைகையை வலுவாக்க வீட்டாருக்கு வழி இல்லை; ஒரே கேபிளில் செல்லும் அண்டை வீட்டாரின் இணைப்பு கெடும் என்பதால் அதன் வலிமைக்கு வரம்பு விதிக்கப்பட்டுள்ளது. ஆனால் இரைச்சலைக் குறைத்தல் வீட்டாரின் கைக்கு உட்பட்டது. 100 வாய்க்கால்கள் மட்டுமே உயிருடன் உள்ள ஒரு வீட்டில் இரைச்சல் பாதியாகக் குறைந்தால், வாய்க்காலுக்கு ஒரு பிட் வீதம் விநாடிக்கு 4 லட்சம் பிட் கூடுதலாகக் கிடைக்கும். 20 மெகாபிட் பெறும் வீட்டிற்கு இது பொருட்டன்று. 1.2 மெகாபிட் பெறும் வீட்டிற்கோ மூன்றில் ஒரு பங்கு உயர்வாகும். ஆகவே, வீட்டினுள் உள்ள குறைகளைக் களையும் சிறு முயற்சி தொலைவிலுள்ள வீட்டிற்கே மிகுந்த பலன் தருவதாகும்.

வீட்டினுள் செய்யத்தக்கன

முதற்கண், குறை கம்பியில் உள்ளதா, வைஃபையில் உள்ளதா என்பதைப் பிரித்தறிய வேண்டும். கணினியை மோடத்துடன் லேன் கம்பியால் நேரே இணைத்துப் பார்த்தால் இது விளங்கிவிடும். அடுத்து, மோடத்தின் தகவல் பக்கத்தில் ‘அட்டெனுவேஷன்’, ‘எஸ்.என்.ஆர். மார்ஜின்’ என்னும் இரு எண்களைக் குறித்துக்கொள்ளல் நலம். முன்னது இழப்பைக் காட்டும். அது 20 டெசிபல் அளவில் இருப்பின் தொலைவு சிறிது; 60-ஐத் தாண்டினால் மிகவும் பெரிது. பின்னது இரைச்சலுக்கு எதிராக எஞ்சியுள்ள காப்பு. இது வழக்கமாக 6 டெசிபல் அளவில் வைக்கப்படுகிறது; வெகுவாகக் குறைந்தால் இணைப்பு அடிக்கடி அறுபடும்.

பின்னர், வீட்டினுள் ஓடும் மற்றெல்லாக் கம்பிகளையும் கழற்றிவிட்டு, வெளிக்கம்பி வீட்டிற்குள் நுழையும் முதல் இடத்திலேயே மோடத்தைப் பொருத்திச் சோதிக்க வேண்டும். அங்கு வேகம் கூடினால் குற்றம் தெருவில் இல்லை, வீட்டில் உள்ளது. மாடிக்கும் சமையலறைக்கும் கிளை பிரித்துக் கொண்டுபோன தட்டைக் கம்பிகள் பெரும்பாலும் முறுக்கப்படாதவை. முறுக்கிய இணைக்கம்பியில் புறத்து இரைச்சல் இரு கம்பிகளையும் ஒருங்கே தாக்கித் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். தட்டைக் கம்பியோ ஏரியல் போல அவ்விரைச்சலை வாங்கிக்கொள்ளும். ஆதலின் கிளைகளை அகற்றி, முதல் இடத்திலேயே ஸ்பிளிட்டரைப் பொருத்திக் குரலையும் தகவலையும் அங்கேயே பிரித்துவிடுதல் சிறந்தது. பச்சை பூத்த கம்பி முனைகளைச் சுரண்டி மீண்டும் இணைப்பதும் அவசியம். மழைக்காலத்தில் மட்டும் கெடும் இணைப்பில் ஈரம் புகுந்த இணைமுனையையே முதலில் ஐயுற வேண்டும்.

இரைச்சலின் பிறப்பிடத்தைக் காண ஒரு பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ போதும். மத்திய அலை வானொலியின் அதிர்வெண்கள் ஏ.டி.எஸ்.எல். 2 பிளஸ் பரப்பினுள்ளேயே அடங்கியவை. ரேடியோவை நிலையம் ஏதும் இல்லாத இடத்தில் வைத்து, வீட்டிலுள்ள மின்சாதனங்களின் அருகே கொண்டுசெல்ல வேண்டும். மலிவான சார்ஜர், மின்விசிறி ரெகுலேட்டர், எல்.இ.டி. விளக்கு ஆகியவற்றுள் எது கரகரவென ஓலமிடுகிறதோ அதுவே குற்றவாளி. விலையுயர்ந்த கருவிகள் சொல்வதை இவ்வெளிய பெட்டி காதுக்கே உணர்த்திவிடுகிறது.

தொலைவைக் குறைத்தல்

இவற்றால் இழந்ததில் ஒரு பகுதியை மீட்கலாம். கிலோமீட்டர்களைக் குறைக்க இயலாது. அதற்கு எக்ஸ்சேஞ்சின் கருவியையே வீட்டருகில் கொணர்தல் வேண்டும். தெருமுனைப் பெட்டி வரை ஒளியிழையை இழுத்து, கடைசிச் சில நூறு மீட்டரை மட்டும் செம்பிடம் ஒப்படைக்கும் வி.டி.எஸ்.எல். முறை இவ்வகையது. அவ்விடைவழியையும் விடுத்து வீடு வரை ஒளியிழையே வருமாயின் தொலைவு என்னும் சிக்கல் ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. 1,310 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளியிழையின் இழப்பு கிலோமீட்டருக்குச் சுமார் 0.35 டெசிபல். 20 கிலோமீட்டர் இழையில் நேரும் 7 டெசிபல் இழப்பு, 1 மெகாஹெர்ட்ஸ் சைகை செம்புக் கம்பியில் 350 மீட்டர் செல்வதற்குள் நேர்ந்துவிடும். இம்முறையில் ஓர் இழையின் ஒளியை 32 வீடுகளுக்குப் பங்கிடும் கண்ணாடிப் பிரிப்பான் 15 டெசிபலுக்கு மேல் குறைத்துவிடுகிறது. தொலைவைவிடப் பங்கீடே பெரிய செலவு என்பது செம்பில் காண இயலாத விந்தை.

ஊராட்சிகள் வரை ஒளியிழையைக் கொண்டுசெல்லும் தேசியத் திட்டத்துக்கு மத்திய அரசு 2011-இல் ஒப்புதல் அளித்தது. பின்னர் அது பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. இழை ஊராட்சி அலுவலகத்தை அடைந்தபின் அங்கிருந்து தோப்பு வீடு வரையிலான கடைசித் தொலைவே எஞ்சுகிறது. ஆதலின் கடைமடை வீட்டார் விண்ணப்பிக்குமுன் கேட்டறிய வேண்டியது திட்டத்தின் வேகத்தை அன்று. மிக அருகிலுள்ள ஒளியிழைப் பெட்டி எங்குள்ளது என்பதையே. ஒரே தெருவினர் சிலர் கூடி விண்ணப்பித்தால், ஒரு பிரிப்பானின் கிளைகளைப் பகிர்ந்துகொள்ளலாமாதலால், இழை இழுக்கும் செலவும் பங்கிடப்படும்.

இழை எட்டாத மலைச்சரிவுகளிலும் தீவுகளிலும் வானலைகளே வழி. அண்மையில் கோபுரம் இருப்பின் கூரைமேல் ஏரியல் நட்டு 4ஜி, 5ஜி அலைகளைப் பெறலாம். புவிநிலைச் செயற்கைக்கோள் எவ்விடத்துக்கும் எட்டுமெனினும், அது 35,786 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. கேள்வி மேலேறி இறங்கவும், விடை மீண்டும் மேலேறி இறங்கவும் ஒளியின் வேகத்திலேயே அரை விநாடி அளவு கழிகிறது. கடிதமும் ஒளிப்படமும் பெற இத்தாமதம் தடையன்று; ஆசிரியரும் மாணவனும் எதிரெதிரே உரையாடும் வகுப்பில் மட்டும் ஒருவர் பேச்சு முடியுமுன் மற்றவர் தொடங்கிவிட நேரும்.