சத்தியம், சபதம், பிரதிஜ்ஞை

ஸ்ரீ:

"இதைச் செய்கிறேன்" என்று ஒருவர் மற்றொருவருக்குக் கொடுக்கும் சொல்லுக்கு நம் வழக்கில் பல பெயர்கள் உள்ளன. சத்தியம், சபதம், ஆணை, சூள், வாக்கு, பிரதிஜ்ஞை, சங்கல்பம், நேர்த்தி என்பன அவற்றுட் சில. பேச்சில் இவற்றை ஒன்றற்கு ஒன்றாக மாற்றி வழங்குகிறோம். நூல்களில் அப்படியன்று. சொன்ன சொல்லுக்கு எது பிணையாக நிற்கிறது என்பதை ஒவ்வொரு பெயரும் தன்னுள் வைத்திருக்கிறது. அப்பிணை யாதென்று அறிந்தால், யாருக்குக் கொடுத்த சொல்லை முதலில் காக்க வேண்டும் என்பதும் விளங்கும். திருவிழாக் காலத்தில் பலரும் பெருமாளிடம் ஏதேனும் ஒன்றை நேர்ந்துகொள்வது வழக்கமாதலால், இதனை ஈண்டு விசாரிப்பது பொருத்தமே.

முதலில் சபதம். இது 'சப்' என்னும் தாதுவிலிருந்து பிறந்தது. சாபம் என்பதும் அதே தாதுவினின்றே வந்தது. தான் சொன்னது பொய்யானால் தனக்கு இன்ன தீங்கு நேர்க என்று தன்னையே சபித்துக்கொள்வது சபதம். ஸ்ரீராமாயணத்து அயோத்தியா காண்டத்தில் பரதாழ்வான் கௌஸல்யா தேவியின் முன் நின்று, எவனுடைய சம்மதத்தோடு ராமபிரான் காடேகினானோ அவனுக்கு இன்னின்ன பாவங்கள் வந்து சேரட்டும் என்று நெடிதாக அடுக்குகிறான். அது இனிச் செய்யப்போவதைப் பற்றிய சொல்லன்று. நடந்ததைப் பற்றிய உறுதி. வடமொழியில் சபதத்திற்கு இதுவே முதற்பொருள். தமிழிலோ பகை முடிப்பேன் என்னும் சூளுரைக்கே இச்சொல் பெரிதும் வழங்குகிறது. 1921ஆம் ஆண்டு திருவல்லிக்கேணியில் மறைந்த மகாகவி பாரதியார் தம் காவியத்திற்குப் 'பாஞ்சாலி சபதம்' என்று பெயரிட்டதும் இப்பொருள் பற்றியே.

பண்டைத் தமிழர் இதனை வஞ்சினம் என்றனர். புறநானூற்றின் 71, 72, 73ஆம் பாட்டுகள் மூன்று வேந்தர் உரைத்த வஞ்சினங்கள். அவற்றுள் ஒன்றில் பாண்டியன் நெடுஞ்செழியன், பகைவரை வெல்லேனாயின் என் குடிகள் என்னைக் கொடியவன் என்று தூற்றட்டும், புலவர்கள் என் நாட்டைப் பாடாது நீங்கட்டும், இரப்பவர்க்கு ஈய இயலாத வறுமை என்னைச் சேரட்டும் என்கிறான். வடமொழிச் சபதமும் தமிழ் வஞ்சினமும் அமைப்பில் ஒன்றாயிருத்தல் காண்க. இரண்டிலும் ஈடு வைக்கப்படுவது சொல்பவனுடைய சொந்தப் புகழும் சொந்த நன்மையுமே.

இந்நாளில் குழந்தையின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்கிறார்களே, அது எத்தகையது? மனு ஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயம் மனைவி மக்களின் தலையைத் தொட்டுச் சபதம் செய்வதைக் கூறுகிறது என்பது உண்மையே. ஆனால் அது வழக்கு விசாரணைக்குச் சொல்லியது. அற்பக் காரியத்திற்கும் அறிவுடையோன் பொய்ச்சபதம் செய்யலாகாது என்று அதே அத்தியாயம் விலக்குகிறது. கைமாற்றுப் பணத்திற்கும் வீட்டுச் சண்டைக்கும் ஒன்றுமறியாத சிசுவின் உயிரை ஈடு வைப்பதற்கு எந்த சாஸ்திரமும் இடம் தரவில்லை.

அடுத்தது சத்தியம். 'ஸத்' என்றால் உள்ளது. உள்ளதை உள்ளபடி சொல்வது சத்தியம். "நாளை வருகிறேன், சத்தியம்" என்று ஒருவர் சொல்லும்போது, இன்னும் நடவாத ஒன்றை நடந்துவிட்டதைப் போன்ற உறுதியுடன் சொல்கிறார். ஆதலின் எல்லாச் சொற்களிலும் இதுவே பளுவானது. நாமோ இதனையே எல்லாவற்றிலும் எளிதாகச் சொல்லிவிடுகிறோம்!

ஆணை என்னும் சொல்லில் தெய்வம் சாட்சியாக வருகிறது. நம் அரசியல் சாஸனத்தின் மூன்றாம் அட்டவணை, பதவி ஏற்பவர் கடவுளின் பெயரால் ஆணையிட்டும் சொல்லலாம், உளமார உறுதி கூறியும் சொல்லலாம் என்று இருவழி வைத்திருக்கிறது. முதலாவதில் பிணை தெய்வம். இரண்டாவதில் பிணை அவரவர் மனச்சாட்சி. எவ்வழியிற் சொன்னாலும் கடமையில் வேற்றுமை இல்லை.

இனி பிரதிஜ்ஞை. நியாய சாஸ்திரம் பயின்றோர் இச்சொல்லை வேறோரிடத்தில் கேட்டிருப்பர். ஒன்றை அநுமானத்தால் நிறுவுவதற்கு ஐந்து அவயவங்கள் சொல்லப்படுகின்றன: பிரதிஜ்ஞை, ஹேது, உதாஹரணம், உபநயம், நிகமனம். "மலையில் நெருப்பு உள்ளது" என்பது பிரதிஜ்ஞை. புகை காண்பதால் என்பது ஹேது. அடுக்களையிற் போல என்பது உதாஹரணம். இம்மலையும் அத்தகைய புகையுடையது என்பது உபநயம். ஆகவே மலையில் நெருப்பு உள்ளது என்று முடிப்பது நிகமனம். முதலிற் சொன்ன வாக்கியமே கடைசியில் திரும்பவும் வருகிறது. ஆனால் தொடக்கத்தில் அது வெறும் சொல். முடிவில் அது நிறுவப்பட்ட உண்மை. வாக்குக் கொடுத்தலும் இவ்வாறே. "உன் மகளை என் மகளாகப் பார்த்துக்கொள்வேன்" என்று நிச்சயதாம்பூலத்தன்று சம்பந்தியிடம் சொல்வது பிரதிஜ்ஞை. பின் வரும் ஆண்டுகளே அதற்கு ஹேதுவும் உதாஹரணமும். நிகமனம் இல்லாத பிரதிஜ்ஞையைத் தர்க்க சபையில் ஒருவரும் ஏற்பதில்லை. குடும்பத்தில் மட்டும் எப்படி ஏற்பது?

பிரதிஜ்ஞைகள் இரண்டு எதிர்ப்பட்டால் என்ன நேரும் என்பதைத் திருவல்லிக்கேணி திவ்யதேசம் காட்டுகிறது. பேயாழ்வார் அவதரித்த மயிலைக்கு அணித்தாய், அவராலும் திருமழிசையாழ்வாராலும் திருமங்கையாழ்வாராலும் மங்களாசாஸனம் செய்யப்பெற்ற தலம் அது. மூலவரான ஸ்ரீவேங்கடகிருஷ்ணன் திருக்கையில் சங்கம் உண்டு, சக்கரம் இல்லை. பாரதப் போரில் ஆயுதம் எடேன் என்று எம்பெருமான் கொடுத்த வாக்கு அத்திருமேனியில் நிற்கிறது. உத்ஸவரான ஸ்ரீபார்த்தசாரதியின் திருமுகத்திலோ பீஷ்மருடைய அம்புகளின் தழும்புகள் உள்ளன.

கண்ணனை ஆயுதம் எடுக்கச் செய்வேன் என்பது பீஷ்மரின் பிரதிஜ்ஞை. அர்ஜுனன் தளர்ந்த வேளையில் கண்ணன் தேரினின்று குதித்துச் சக்கரத்தை ஏந்தி ஓடினான். ஸ்ரீமத் பாகவதம் முதல் ஸ்கந்தம் ஒன்பதாம் அத்தியாயத்தில் பீஷ்மர் இதனை நினைந்து உருகுகையில் இரண்டு சொற்களை ஆள்கிறார். கண்ணன் கைவிட்டது அவனது 'நிகமம்'. மெய்யாக்கியது என் 'பிரதிஜ்ஞை' என்கிறார். தன் வாக்கைத் தோற்கவிட்டு அடியவன் வாக்கை வெல்லச் செய்தான் என்பது கருத்து. மஹாபாரதத்து பீஷ்ம பர்வத்தில் மற்றொரு செய்தியும் உண்டு. ஒன்பதாம் நாள் போரில் கண்ணன் பீஷ்மரை நோக்கி ஓடியபோது அர்ஜுனன் பின்தொடர்ந்து திருவடிகளைப் பற்றி நிறுத்தி, போர் புரியேன் என்ற உன் சொல்லைப் பொய்யாக்காதே என்று வேண்டினான். எம்பெருமான் அடியவன் சொல்லைக் காத்தான். அடியவன் எம்பெருமான் சொல்லைக் காத்தான். ஒருவன் மற்றவன் வாக்கைக் காக்க முந்துவதே ஸ்வாமிக்கும் தாஸனுக்கும் உள்ள உறவு.

கீதையிலும் இதன் சாயலைக் காணலாம். பதினெட்டாம் அத்தியாயத்தில் கண்ணன் 'ப்ரதிஜானே', அதாவது நான் பிரதிஜ்ஞை செய்கிறேன் என்கிறான். ஒன்பதாம் அத்தியாயத்திலோ, என் பக்தன் அழிவதில்லை என்று கூறுமிடத்தில் 'ப்ரதிஜாநீஹி', நீ பிரதிஜ்ஞை செய் என்று அர்ஜுனனை ஏவுகிறான். தன் சொல்லை அடியவர்க்காக விட்டாலும் விடுவான், அடியவன் சொல்லை ஒருகாலும் விடான். அதனால் இதனை அடியவன் வாயால் சொல்வித்தான் என்று பெரியோர் ரஸிப்பதுண்டு.

இப்போது நம் நேர்த்திகளுக்கு வருவோம். கோவிலுக்கு வரும் அன்பர் பலர், என்றோ நேர்ந்துகொண்ட முடி காணிக்கை தடைப்பட்டது, திருமஞ்சனம் நின்றுபோயிற்று, பெருமாள் கோபிப்பாரோ என்று நடுங்குகின்றனர். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுவே. தனக்காக அன்றி அடியவர்க்காகவே தன் வாக்கையும் விட்டவன், இயலாமையால் தவறிய அடியவனைத் தண்டிக்கக் காத்திருப்பானோ? இயன்றபோது செய்க, இயலாவிடில் அவனிடமே விண்ணப்பிக்க. தனக்கு வரவேண்டியதை விட்டுக்கொடுக்கும் ஸ்வாதந்திரியம் அவனுக்கு உண்டு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 63ஆம் பிரிவும், வாக்கைப் பெற்றவர் அதை முழுதுமோ ஒரு பகுதியோ விட்டுக்கொடுக்கலாம் என்கிறது. வாக்கைப் பெற்றவர் என்பதைக் கவனிக்க வேண்டும். கொடுத்தவருக்கு அவ்வுரிமை இல்லை.

இங்கேதான் நாம் தடுமாறுகிறோம். பெருமாளுக்கு நேர்ந்ததை எண்ணி அஞ்சுபவர், வீட்டில் வேலை செய்யும் அம்மாளுக்குத் தீபாவளிக்குத் தருவதாகச் சொன்ன பணத்தை மறந்திருப்பார். தம்பிக்குச் சொன்ன பங்கையும், வயோதிகத் தாய்க்குச் சொன்ன காசி யாத்திரையையும் மறந்திருப்பார். அவற்றைப் பெருமாள் தள்ளுபடி செய்ய மாட்டான். அவை அவனுக்குக் கொடுத்த சொற்கள் அல்ல. உண்டியலில் இரட்டிப்பாகச் சேர்த்தாலும் அக்கணக்கு நேராகாது. வேலை செய்யும் அம்மாள் "வேண்டாம்" என்று மனமுவந்து சொன்னாலொழிய அக்கடன் நிற்கும்.

உபயத்தையும் கட்டளையையும் இவ்வாறே கருத வேண்டும். அது பெருமாளுக்குச் சொன்ன சொல் போலத் தோன்றினும், மடைப்பள்ளியில் உழைப்பவர், மாலை கட்டுபவர், பிரஸாதத்தை எதிர்நோக்கி நிற்பவர் ஆகிய பலருக்கும் கொடுத்த சொல். திருவல்லிக்கேணிக் கோவிலில் உள்ள தந்திவர்ம பல்லவன் காலத்துக் கல்வெட்டு, ஏறக்குறைய 1200 ஆண்டுகளுக்கு முற்பட்டது. கோவில் நிலம் அடகில் போய் அமுதுபடி குறைந்ததையும், ஒருவர் அந்நிலத்தை மீட்டு மறுபடி நடக்கச் செய்ததையும் அது சொல்கிறது. வாக்கு நின்றுபோவது இன்று நேற்று வந்ததன்று. பிறர் விட்ட வாக்கை எடுத்து நடத்துவோர் இருந்ததும் பழமையே. சோழர் கல்வெட்டுகள் பலவற்றில் ஒரு நந்தா விளக்கிற்கு 96 ஆடுகள் விடப்பட்டு, அவை சாவா மூவாப் பேராடுகள் எனப்படுகின்றன. ஆடுகள் இறக்கும்; குட்டிகள் அவ்விடத்தை நிரப்பும்; எண்ணிக்கை குறையாது. தந்தை கொடுத்த வாக்கைப் பிள்ளை நடத்துவதற்கு இதைவிட நல்ல உவமை ஏது?

முடிவாக ஒன்று. நாம் கர்மாநுஷ்டானத்தில் சங்கல்பம் செய்யும்போது இன்ன வருஷம், இன்ன மாதம், இன்ன திதி, இன்ன வாரம் என்று காலத்தைச் சொல்லி 'கரிஷ்யே' என்கிறோம். அந்த வினைச்சொல் ஆத்மநேபதம். பலன் செய்பவனைச் சேரும் என்பது அதன் குறிப்பு. பிறருக்கு வாக்குக் கொடுக்கும்போதும் இம்முறையைக் கைக்கொள்ளலாம். "பார்க்கலாம்", "செய்தால் போயிற்று" என்று சொல்லாமல், எதை, என்று, எவ்வளவு என்று சொல்லிக் கொடுப்போமாக. இயலாததை இயலாது என்று அன்றே சொல்லிவிடுவதும் சத்தியமே.

இத்திருவிழாவில் பெருமாளிடம் புதிதாக ஒன்றை நேர்ந்துகொள்ளுமுன், மனிதர்களிடம் சொல்லி நின்றுபோன பழைய சொல் ஒன்றை எடுத்து முடிப்போமாக. அடியவர் வாக்கைக் காப்பதற்கென்றே தழும்பு சுமந்து நிற்கும் ஸ்ரீபார்த்தசாரதி அதற்கு வேண்டிய திருவுள்ளமும் திராணியும் நமக்கு அருள்வானாக.

சுபம்.