வேறு கம்பெனி ரேம் சேர்க்கலாமா?

கேள்வி: என் டெஸ்க்டாப்பில் 8 ஜிபி ரேம் ஒன்று இருக்கிறது. நாலைந்து டேப் திறந்தாலே திணறுகிறது. வேறு கம்பெனியின் 8 ஜிபி ரேம் வாங்கிச் சேர்க்கலாமா?

பதில்: தாராளமாகச் சேர்க்கலாம். கம்பெனி வேறாக இருந்தாலும் பெரும்பாலும் ஒத்துப்போகும். தலைமுறைதான் மாறக்கூடாது. டிடிஆர்4 போர்டில் டிடிஆர்3, டிடிஆர்5 இரண்டுமே உட்காராது. அடிவிளிம்பில் உள்ள வெட்டு ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் இருக்கும். வேகம் வேறுபட்டால் இரண்டுமே குறைந்த வேகத்தில்தான் ஓடும்.

காசைக் கொடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். கம்ப்யூட்டர் திணறும்போது டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைப் பாருங்கள். அது பாதிகூட நிரம்பாமல், டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்றால் குற்றவாளி ரேம் அல்ல. பழைய ஹார்ட் டிஸ்க். அதற்கு எஸ்எஸ்டி போடுவதே வைத்தியம்.

ரேம்தான் குறை என்றால், பவர் ஒயரைக் கழற்றிவிட்டு, கேபினெட்டின் இரும்புப் பகுதியைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்குங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டுகளில் பெரும்பாலும் பிராசசரிலிருந்து 2-ஆவது, 4-ஆவது ஸ்லாட்டுகளில்தான் ஜோடியைப் போட வேண்டும். அப்போதுதான் டூயல் சேனலின் பலன் கிடைக்கும். போர்டின் கையேட்டில் படமே இருக்கும். வெட்டைப் பொருத்தி, இரு முனைகளையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். உடைந்துவிடுமோ என்று பயந்து பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். கிளிப் 'க்ளிக்' என்று பூட்டும்வரை அழுத்த வேண்டும்.

திரையில் ஒன்றும் வரவில்லையா? ரேம் போய்விட்டது என்று முடிவுகட்டாதீர்கள். பவரைத் துண்டித்து, கழற்றி மறுபடி பொருத்திப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் கடையில் மாற்றிக் கேளுங்கள், பில் பத்திரம்.