நரியும் பூசணமும்

பருத்தி விளையும் புன்செய்ப் பகுதிகளில் மண்ணுக்கடியில் குடியிருக்கும் இரண்டு உயிர்களை நம் அங்கத்தினர்கள் ஒப்பிட்டு அறிந்துகொள்வது நலம். ஒன்று வங்கா நரி. மற்றொன்று பருத்தியின் வாடல் நோயை உண்டாக்கும் பியூசேரியம் என்னும் பூசணம்.

வங்கா நரி இந்தியத் துணைக்கண்டத்திற்கே உரியது. திறந்த வெளிகளில் வளை தோண்டி, ஆணும் பெண்ணும் இணையாக வாழும். அந்தி சாய்ந்தபின் வெளிவந்து எலி, வெட்டுக்கிளி, கறையான், நண்டு, இலந்தைப்பழம் முதலியவற்றைத் தின்னும். நரி முகத்தில் விழித்தால் நன்மை உண்டாகும் என்று கருதி, சேலம் மாவட்டம் வாழப்பாடி வட்டாரத்தில் பொங்கலையொட்டி அதனை வலையிட்டுப் பிடிக்கும் வழக்கம் இருந்து வந்தது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அவ்வாறு பிடிப்பது குற்றமாகும். எலியைத் தின்னும் பிராணியை விரட்டுவதால் உழவருக்கு இலாபமும் இல்லை.

பூசணத்தின் தன்மை வேறு. அது வேர் வழியே நுழைந்து, நீரை மேலேற்றும் நுண்குழாய்களை அடைத்துவிடுகிறது. ஈரமுள்ள நிலத்திலும் செடி தாகத்தால் மடிகிறது. முதலில் இலையின் ஓரம் மஞ்சளிக்கும். பின்னர் இலைகள் வாடி உதிரும். தண்டைப் பிளந்து பார்த்தால் உள்ளே கரும்பழுப்புக் கோடுகள் காணப்படும். நம் நாட்டில் நாட்டுப் பருத்தி இனங்களே இந்நோய்க்குப் பெரிதும் இரையாகின்றன.

இரை குறைந்தால் நரி வேறிடம் நாடிச் செல்லும். பூசணமோ, பருத்தியே இல்லாவிடினும் தடித்த உறையுடைய வித்துகளாய்ப் பல்லாண்டுகள் மண்ணில் காத்திருக்கும். நரி தன் காலால் நடந்து வருவது. பூசணத்தை விதையோடும் கலப்பையில் ஒட்டிய மண்ணோடும் நாமே கொண்டு வருகிறோம். ஆகவே வேலியும் காவலும் இதனைத் தடுக்கமாட்டா.

செய்யத்தக்கவை இவை:

1. வாடிய செடிகளை வேரோடு பிடுங்கி எரித்துவிடுக.
2. நோய் கண்ட வயலில் உழுத கலப்பையைக் கழுவிய பின்னரே அடுத்த வயலில் இறக்குக.
3. நோயற்ற வயலின் விதையையே வாங்கி, கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைக்க.
4. நோயுற்ற நிலத்தில் சில ஆண்டுகள் சோளம், கம்பு பயிரிடுக; மீண்டும் பருத்தி போடுகையில் நோய் தாங்கும் இரகத்தையே தேர்ந்தெடுக்க.

ஒருவர் அறியாமல் பங்கிட்டுத் தரும் விதை, ஊர் முழுவதற்கும் நோயைப் பங்கிடக்கூடும். விளைச்சல் குன்றினால் நூல் விலை ஏறி நெசவாளர் அங்கத்தினரையும் தாக்கும். எனவே விதை மூட்டையை அவிழ்க்குமுன், அது எவ்வயலில் விளைந்தது என்று கேட்டறிவது இரு சாராரின் கடமையாகும்.