மன உறுதி மட்டும் போதாது

மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்ததும், மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருக்கும் வீட்டில் மார்க்கைவிடப் பெரிய பேச்சாக வேறு கேள்விகள் எழுகின்றன. எந்தக் கல்லூரி சேர்த்துக்கொள்ளும்? தினமும் யார் கூட்டிப்போய் விடுவது? படித்து முடித்தாலும் வேலை யார் கொடுப்பார்கள்? உறவினர்களும் ஆசிரியர்களும் அன்போடுதான் யோசனை சொல்கிறார்கள். ஆனால் அந்த யோசனைகளில் பல, காலாவதியான சட்டத்தையும் எங்கோ கேள்விப்பட்டதையும் நம்பிச் சொல்லப்படுபவை. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே கணக்கில் கொண்டது. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள் இருக்கின்றன. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, தலசீமியா, ஹீமோபீலியா எல்லாம் அதில் வருகின்றன. தங்கள் பிள்ளை அந்தப் பட்டியலில் இருப்பதே தெரியாத பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள்.

2021-22 கல்வியாண்டில் இந்திய உயர்கல்வியில் சேர்ந்திருந்தவர்கள் சுமார் 4.33 கோடிப் பேர். அவர்களில் மாற்றுத்திறனாளிகள் ஒரு லட்சம்கூட இல்லை. நூறு இடத்தில் ஐந்தை ஒதுக்கச் சொல்கிறது சட்டம். வந்து சேர்ந்திருப்பதோ நானூறு பேருக்கு ஒருவர் என்ற அளவைக்கூட எட்டவில்லை. பணம், பேருந்து, படிக்கட்டு எல்லாம் இதற்குக் காரணம். நாம் நம்பிக்கொண்டிருப்பவையும் காரணம்.

“இவளுக்கு ஆர்ட்ஸ் குரூப் போதும்”

பார்வையற்ற மாணவி என்றால் தமிழ் அல்லது வரலாறு, காது கேளாத மாணவர் என்றால் ஏதாவது ஒரு டிப்ளமோ. விரும்பிப் படித்தால் இவை நல்ல படிப்புகள்தான். பிறர் முடிவு செய்து தள்ளிவிடும்போதுதான் அநியாயம். ஆந்திரத்தைச் சேர்ந்த ஸ்ரீகாந்த் பொல்லா பிறவியிலேயே பார்வையற்றவர். பத்தாம் வகுப்புக்குப் பின் அறிவியல் பிரிவு கேட்டபோது அவருக்கு மறுக்கப்பட்டது. நீதிமன்றம் போய் அந்த இடத்தைப் பெற்றார். பிறகு அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படித்துத் திரும்பி, பொல்லான்ட் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். பள்ளி அளவில் அந்தக் கதவு திறக்காமல் போயிருந்தால் அடுத்தது எதுவும் நடந்திருக்காது.

மருத்துவப் படிப்பிலும் நிலைமை மாறியிருக்கிறது. பேச்சு, மொழிக் குறைபாடு 40 சதவீதத்தைத் தாண்டியதால் எம்.பி.பி.எஸ். இடம் மறுக்கப்பட்ட ஓம்கார் கோண்ட் என்ற மாணவரின் வழக்கில், 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: சதவீதக் கணக்கு மட்டுமே ஒருவரைத் தகுதியற்றவர் ஆக்கிவிடாது. அவரால் படிப்பை முடிக்க முடியுமா என்பதை மருத்துவக் குழு தனியே மதிப்பிட வேண்டும். 2025 மார்ச்சில், பார்வையற்றோரை நீதித்துறைப் பணிக்கே வரவிடாமல் தடுத்த மத்தியப் பிரதேச விதி ஒன்றையும் அதே நீதிமன்றம் நீக்கியது.

இங்கே நம் சென்னை மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறைந்த மாணவர்களுக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் நடக்கின்றன. ஐ.ஐ.டி.களில் மாற்றுத்திறனாளி மாணவருக்குக் கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே வீட்டில் இவையெல்லாம் தெரிந்திருந்தால், பிளஸ் ஒன் குரூப் எடுக்கிற நாளில் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

“40 சதவீதம் இல்லையென்றால் ஒன்றும் கிடைக்காது”

இதில் பாதி உண்மை. இடஒதுக்கீட்டுக்கு 40 சதவீதக் குறைபாட்டுச் சான்று கட்டாயம். தேர்வறையில் கிடைக்கவேண்டிய உதவிக்கு அது நிபந்தனை அல்ல. கை நரம்புச் சிக்கலால் எழுத முடியாத விகாஸ் குமார் என்பவருக்குக் குடிமைப் பணித் தேர்வில், சொல்லச் சொல்ல விடை எழுதித்தரும் ஸ்க்ரைப் மறுக்கப்பட்டது. சட்டம் வரையறுத்த அளவில் அவருக்குக் குறைபாடு இல்லை என்பது காரணம். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தக் காரணத்தை ஏற்கவில்லை. அதையொட்டி 2022 ஆகஸ்டில் மத்திய அரசு, 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் எழுதுவதில் சிரமம் உள்ளவர்களுக்கு ஸ்க்ரைப்பும் கூடுதல் நேரமும் கிடைக்க நெறிமுறை வெளியிட்டது. ஆனாலும் கல்லூரித் தேர்வுப் பிரிவில் 35 சதவீதச் சான்றை நீட்டினால் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். நடப்பில் உள்ள மத்திய அரசு நெறிமுறையின் ஒரு பிரதியை விண்ணப்பத்தோடு இணைத்துக் கொடுப்பது நல்லது. அலுவலர் படிக்காத உத்தரவை மாணவர் படித்திருக்க வேண்டியிருக்கிறது என்பது வருத்தமான நிலைதான்.

சான்றிலேயே இன்னொரு குழப்பம் உண்டு. உயர்கல்வியின் 5 சதவீத இடம் 21 வகையினருக்கும் பொது. அரசு வேலையின் 4 சதவீதம் அப்படியல்ல. பார்வை, செவி, உடல் இயக்கம் ஆகியவற்றுக்குத் தலா ஒன்று. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடுகள் எல்லாம் சேர்த்து ஒன்று. ஹீமோபீலியா, தலசீமியா போன்ற இரத்த நோய்கள் இந்த வேலைப் பட்டியலில் இல்லை. ஹீமோபீலியா உள்ள மாணவர் ஒதுக்கீட்டு இடத்தில் கல்லூரியில் சேரலாம். அரசு வேலைக்கு அதே ஒதுக்கீட்டை நம்பித் திட்டமிட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இதை முதலாண்டிலேயே அவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

“ஸ்க்ரைப் எழுதினால் அது எப்படி அவன் மார்க்?”

ஆசிரியர் அறையிலும் வகுப்பிலும் காதில் விழுகிற, மாணவரை உள்ளுக்குள் நொறுக்குகிற வார்த்தை இது. விடையைச் சொல்பவர் மாணவர். காகிதத்தில் இறக்குபவர் மட்டுமே ஸ்க்ரைப். மூன்று மணி நேரத் தேர்வுக்குக் கிடைக்கும் ஒரு மணி நேரம் கூடுதல் என்பது, கேள்வியைப் படிக்கச் சொல்லிக் கேட்கவும், விடையைச் சொல்லி எழுதவைக்கவும், எழுதியதைத் திரும்பக் கேட்டுத் திருத்தவும் செலவாகிற நேரம். மத்திய அரசின் 2018 நெறிமுறை மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் என்று வைத்தது இதற்காகத்தான்.

உண்மையில் ஸ்க்ரைப்பால் மார்க் குறைந்தவர்களே அதிகம் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். வேதியியல் சமன்பாட்டைக் கேள்விப்பட்டே இராத ஒருவரிடம் அதைச் சொல்லி எழுதவைப்பது எவ்வளவு கடினம்! கடைசி நேரத்தில் வராமல் போகிற ஸ்க்ரைப், தமிழில் பிழையோடு எழுதுகிற ஸ்க்ரைப், அவசரப்படுத்துகிற ஸ்க்ரைப் என்று மாணவர்களின் தேர்வுக்கால உளைச்சலில் பாதி இதுதான். தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே ஸ்க்ரைப்பைச் சந்தித்துப் பேச அனுமதிக்க வேண்டும், பாடத்துக்கு ஏற்ப வேறு வேறு ஸ்க்ரைப் வைத்துக்கொள்ளலாம் என்று 2018 நெறிமுறை சொன்னது. கணினியில் தட்டச்சு செய்தோ, பிரெயிலிலோ எழுதவும் அது வழி விட்டது. சொந்தமாகத் தட்டச்சு செய்யத் தெரிந்த மாணவர் ஸ்க்ரைப்பை நம்பியே இருக்க வேண்டியதில்லை. பிளஸ் ஒன் விடுமுறையில் தட்டச்சு கற்றுக்கொள்ளுங்கள் என்று பார்வையற்ற மாணவர்களிடம் நான் சொல்வது இதனால்தான்.

“மன உறுதி இருந்தால் எதையும் சாதிக்கலாம்”

பாராட்டு போல ஒலிப்பதால் இதை யாரும் கேள்வி கேட்பதில்லை. எல்லா நம்பிக்கைகளிலும் அதிகக் கேடு செய்வது இதுவே என்பது என் கருத்து. சென்னையைச் சேர்ந்த பெனோ ஜெஃபைன் 2015இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தபோது, முழுப் பார்வையின்மையோடு அந்தப் பணிக்கு வந்த முதல் நபர் என்று நாடே கொண்டாடியது. மேடைகளில் அவருடைய மன உறுதியைச் சொல்கிறார்கள். அவருக்காகப் பக்கம் பக்கமாக வாசித்துக் காட்டிய தாயையும், தேடித் தேடிப் புத்தகம் வாங்கி வந்த தந்தையையும், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளையும், நல்ல பள்ளி கல்லூரிகளையும் அதே அழுத்தத்தோடு சொல்வதில்லை. அவரிடம் இருந்த உறுதி அபாரமானது. அதே உறுதி இருந்தும், வாசித்துக் காட்ட ஆளில்லாமல், கல்லூரி நூலகத்தில் ஒரு கணினியும் இல்லாமல் அரியர் வைத்து நின்றுபோன பிள்ளைகளிடம் “உனக்கு உறுதி போதவில்லை” என்று சொல்லிவிடலாமா?

ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தை 1981இல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், பொறியியல் மாணவராக இருந்தபோது கடற்படைத் தேர்வில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். தனக்கு வாய்த்த மருத்துவமும் துணையும் கிராமத்துப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று பள்ளியும் பயிற்சியும் சிகிச்சையும் கொண்ட அமைப்பை உருவாக்குவதில் வாழ்நாளைச் செலவிட்டார். உறுதி மட்டும் போதும் என்று அவர் நினைத்திருந்தால் அப்படி ஓர் அமைப்பை ஏன் கட்டியிருக்கப் போகிறார்?

துணைக்கருவிகள் இன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் இலவசம், தமிழையும் படிக்கும். சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் 2016 முதல் இயங்குகிறது. அச்சில் வந்த புத்தகத்தைப் படிக்க இயலாதவருக்காக ஒலியாகவோ பிரெயிலாகவோ மாற்றுவது குற்றம் என்று பல நூலகர்கள் இன்னும் தயங்குகிறார்கள். 2012இலேயே இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு அதற்கு இடம் தந்துவிட்டது. இதே நோக்கத்துக்கான மராகேஷ் உடன்படிக்கையை உலகில் முதலில் உறுதி செய்த நாடும் இந்தியாதான். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெயில் பிரிவு தனியாகவே இருக்கிறது. தமிழ்நாடு அரசு பார்வையற்ற மாணவருக்கு வாசிப்பாளர் உதவித்தொகையும் தருகிறது. பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ.யின் சக்ஷம் உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இவற்றுக்கு விண்ணப்பிக்கும் நாள் கடந்துபோவதற்குப் பெரும்பாலும் காரணம், தேசிய அடையாள அட்டையான யூ.டி.ஐ.டி. கையில் இல்லாததுதான். பிளஸ் டூ தேர்வுக்கு முன்பே அதை வாங்கி வைத்துவிட வேண்டும்.

“கோட்டாவில் வந்தவர்”

எல்லோரும் அப்படி வந்தவர்கள் அல்ல. தளர்வு எதுவும் இல்லாமல் பொதுத் தகுதியில் தேர்வான மாற்றுத்திறனாளியை மத்திய அரசுப் பணிகளில் ஒதுக்கீட்டுக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது விதி. முதுகெலும்பு வளைவு உள்ள இரா சிங்கல் 2010இல் குடிமைப் பணித் தேர்வில் வென்றும், உடல்நிலையைக் காட்டிப் பணி மறுக்கப்பட்டார். தீர்ப்பாயத்தில் போராடி வென்றார். 2014ஆம் ஆண்டுத் தேர்வில் நாட்டிலேயே முதலிடம் பெற்றார். ஒதுக்கீட்டில் வந்தவர்களும் அதே தேர்வை, அதே பாடத்திட்டத்தில்தான் எழுதுகிறார்கள்.

“அரசு வேலை கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை”

இந்தப் பயத்துக்கு அடிப்படை இருக்கிறது. 5 சதவீத இடம் அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்கே பொருந்தும். 4 சதவீத வேலை அரசுத் துறைக்கே. தனியார் கல்லூரியையும் தனியார் நிறுவனத்தையும் அந்த ஒதுக்கீடு கட்டுப்படுத்தாது. ஆனால் 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், தனியாராக இருந்தாலும், சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட்டாக வேண்டும். என்னென்ன பணிகள், என்னென்ன வசதிகள், யாரை அணுகுவது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு நிறுவனம் வரும்போது அந்தக் கொள்கையைக் கேட்டு வாங்குவது கல்லூரி வேலைவாய்ப்பு அலுவலரின் பொறுப்பு.

வேலை எங்கே என்று கேட்பவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. வங்கிச் செயலியும் இணையதளமும் பார்வையற்றவருக்குப் பயன்படுகிறதா என்று சோதிப்பது இப்போது தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. திரைவாசிப்பானோடு ஐந்து ஆண்டு பழகிய மாணவருக்கு அந்தப் பழக்கமே தகுதி. லெமன் ட்ரீ ஹோட்டல்கள் காது கேளாதவர்களையும் டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களையும் பணியில் வைத்திருப்பது பலரும் அறிந்த செய்தி.

நேர்முகத்தில் குறைபாட்டைச் சொல்லலாமா, மறைக்கலாமா என்று மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். மறைத்தால் தேவையானதைக் கேட்க முடியாமல் போகும். நோயின் வரலாற்றைச் சொல்லத் தேவையில்லை. வேலைக்கு என்ன வேண்டும் என்பதைச் சொன்னால் போதும். “திரைவாசிப்பான் உள்ள கணினி வேண்டும், எழுத்துத் தேர்வில் கூடுதல் நேரம் வேண்டும், தரைத்தளத்தில் இருக்கை வேண்டும்” என்று மூன்று வரியில் முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பினால் எச்.ஆர். பிரிவுக்கும் வேலை எளிது.

“புகார் கொடுத்தால் இன்டர்னலில் கை வைப்பார்கள்”

இந்த அச்சத்தை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். அதனால்தான் புகாரை ஒரு தனி ஆசிரியரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லக் கூடாது என்கிறேன். ஒவ்வோர் அரசு நிறுவனத்திலும் குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். அவர் புகாரைப் பதிவேட்டில் ஏற்றி இரண்டு வாரத்தில் விசாரிக்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்கிறது. அங்கே பலன் இல்லையென்றால் மாவட்ட அளவிலான குழு இருக்கிறது. அதற்கு மேல், ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் ஆட்களை அழைத்து விசாரிக்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் கொண்ட மாநில ஆணையர் இருக்கிறார். கடிதத்தில் தேதி, தேர்வின் பெயர், என்ன கேட்டீர்கள், யார் மறுத்தார், என்ன காரணம் சொன்னார் என்பதை எழுதுங்கள். யூ.டி.ஐ.டி. நகலை இணையுங்கள். இன்னொரு பிரதியில் அலுவலக முத்திரையோடு பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு முடிந்த பிறகு அல்ல, ஹால் டிக்கெட் வருவதற்கு முன்பே.